ஜெயித்துக்கொண்டிருக்கும் டீமில் ஆளை மாற்றினால் ஒட்டுறவு கெடுமா?

ஏரிக்கரையான்

2022 ஆகஸ்ட் 1, திங்கட்கிழமை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது செய்தி வந்தது. அமெரிக்க பேஸ்பாலில் எங்கள் டீமான மில்வாக்கி ப்ரூவர்ஸ், பந்து வீசும் ஜாஷ் ஹேடரை சான் டியகோ பாட்ரேஸுக்குக் கொடுத்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் எங்கள் டிவிஷனில் (லீக்கின் ஒரு பிரிவு) முதலிடம். 57 வெற்றி, 45 தோல்வி. அடுத்த இடத்தில் இருந்த கார்டினல்ஸுக்கும் எங்களுக்கும் மூன்று ஆட்ட இடைவெளி. முதலிடத்தில் இருக்கிற டீம் தன் க்ளோசரை (முன்னிலையைக் காத்துக் கடைசி இன்னிங்ஸை வீசுபவர்), அதுவும் அதுவரை 29 முறை அப்படிக் காத்து 'சேவ்' எடுத்தவரை, நடு சீசனில் தள்ளிவிட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பதிலுக்கு நான்கு பேர் வந்தார்கள். டெய்லர் ராஜர்ஸ், டினெல்சன் லாமெட், இரண்டு இளம் வீரர்கள். லாமெட் எங்கள் சட்டையில் ஒரு பந்துகூட வீசவில்லை, சில நாட்களிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். டிரேடு முடிந்த கையோடு பிட்ஸ்பர்க் போய், அந்த வருடம் கடைசி வரிசையில் கிடந்த பைரேட்ஸிடம் மூன்று ஆட்டமும் தோற்றோம். அதிலிருந்து சீசன் முடியும்வரை 29 வெற்றி, 31 தோல்வி. ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று) கைநழுவியது. 86 வெற்றியோடு நாங்கள் வீட்டில், 87 வெற்றியோடு ஃபிலடெல்ஃபியா உள்ளே. அந்த ஃபிலடெல்ஃபியா கோப்பைக்கான இறுதிச் சுற்றான வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் போனது.

என் கேள்வி இதுதான். ஹேடர் அந்த ஜூலையில் சரியாக வீசவில்லை என்பது எனக்கும் தெரியும். சான் பிரான்சிஸ்கோவில் கடைசி இன்னிங்ஸில் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்) வாங்கியதை நானும் பார்த்தேன். கணக்குப்படி அந்த டிரேடு தப்பில்லை என்று வாதாடலாம். ஆனால் க்ளப்ஹவுஸில் (வீரர்களின் அறை) ஏதோ ஒன்று அறுந்தது. சீசன் முடிந்தபிறகு, அது வீரர்களைப் பாதித்தது என்று டிரேடு செய்த டேவிட் ஸ்டெர்ன்ஸே ஒப்புக்கொண்டார். அப்படியானால் கெமிஸ்ட்ரி, அந்த ஒட்டுறவு, என்று ஒன்று உண்டுதானே? ஆட்களை மாற்றினால் அது கெடும்தானே?

எண்ணாளன்

நண்பரே, உங்கள் வலி புரிகிறது. ஆனால் ஒரு டீமை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அதே ஆகஸ்டில் கார்டினல்ஸ் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பந்து வீசும் ஜார்டன் மாண்ட்கோமரியையும் ஹோசே கின்டானாவையும் கொண்டுவந்தார்கள், 93 வெற்றியில் முடித்தார்கள். நீங்கள் அப்படியே இருந்திருந்தாலும் அவர்களைப் பிடித்திருப்பீர்களா என்பது சந்தேகம்தான்.

எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான எதிர் உதாரணம் டாம்பா பே ரேஸ். 2020இல் வேர்ல்ட் சீரிஸ் ஆடினார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே பிளேக் ஸ்னெல்லை விற்றார்கள். சார்லி மார்ட்டனை அட்லாண்டாவுக்குப் போகவிட்டார்கள். அடுத்த மே மாதம் வில்லி அடாமெஸை உங்கள் மில்வாக்கிக்கே அனுப்பினார்கள். அடாமெஸ் வெறும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) இல்லை, அந்த டக்அவுட்டின் (மைதானத்து ஓரம் வீரர்கள் உட்காரும் இடம்) உயிர் என்று எல்லோரும் சொன்னார்கள். கெமிஸ்ட்ரி கெட்டிருக்க வேண்டுமே? 2021இல் ரேஸ் 100 ஆட்டம் ஜெயித்தது. அதுவரை அவர்கள் சரித்திரத்திலேயே அதிகம்.

யாங்கீஸையும் பாருங்கள். 1998இல் 114 வெற்றி, கோப்பை. உடனே டேவிட் வெல்ஸைக் கொடுத்து ராஜர் கிளெமன்ஸை வாங்கினார்கள். வெல்ஸை நியூயார்க் தலையில் வைத்துக் கொண்டாடியது. கிளெமன்ஸை அங்கே யாருக்கும் பிடிக்காது. 1999, 2000 இரண்டு வருடமும் கோப்பை.

ஜெயித்தால் ஒட்டுறவு என்கிறோம். தோற்றால் ஒட்டுறவு போச்சு என்கிறோம். எது முதலில் வந்தது என்று யார் பார்த்தது?

கொலிசியம்_டிரம்

எண்ணாளன் சார் சொல்றது பாதிதான் சரி. நான் கலிஃபோர்னியால ஃப்ரீமான்ட்ல இருக்கேன். பார்ட் ரயில் பிடிச்சா நேரா கொலிசியம் ஸ்டேஷன், அங்கேருந்து பாலத்து மேல நடந்தா ஓக்லண்ட் ஏஸ் ஆடின ஸ்டேடியம். 2012லேருந்து 2014 வரைக்கும் வாரத்துல ஒரு நாளாவது போயிருப்பேன்.

2014ல ஓக்லண்ட் ஏஸ் மாதிரி ஒரு டீமை நான் பார்த்ததே இல்ல. ஜூலை கடைசில 66 வெற்றி, 41 தோல்வி. மொத்த பேஸ்பால்லயே அதுதான் முதல். ஜூலை 31 காலைல யோனிஸ் செஸ்பெடஸை பாஸ்டனுக்குக் குடுத்துட்டு பிட்சர் (பந்து வீசறவர்) ஜான் லெஸ்டரை வாங்கினாங்க. செஸ்பெடஸ் வெறும் பேட்ஸ்மேன் இல்லீங்க. ரெண்டு வருஷம் தொடர்ந்து ஹோம் ரன் டெர்பி ஜெயிச்சவர். லெஃப்ட் ஃபீல்டு மூலைலேருந்து ஹோம் பிளேட்டுக்கு ஒரே வீச்சுல ரன்னரை அவுட் பண்ணுவார். அவர் பிளேட்டுக்கு வந்தாலே ரைட் ஃபீல்டுல நாங்க டிரம் அடிக்கறது மாறும்.

அதுக்கப்புறம் 22 வெற்றி, 33 தோல்வி.

இப்போ நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். லெஸ்டர் எங்களுக்குப் பிரமாதமா வீசினார். ஒரு ஆட்டத்துக்கு ரெண்டரை ரன் கூட விடல. எப்படியோ வைல்ட் கார்டு ஆட்டத்துக்கு (தோத்தா சீசன் முடிஞ்சுடற ஒரே ஆட்டம்) போய்ச் சேர்ந்தோம், கான்சாஸ் சிட்டில, ராயல்ஸோட. பேஸ்ல நிக்கற ரன்னர், பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிடறதுதான் பேஸ் திருடறது. லெஸ்டர் ரன்னரைப் பிடிச்சு வைக்க பேஸுக்கு வீசமாட்டார்னு ஊருக்கே தெரியும். அதுக்காகத்தான் கைவேகம் உள்ள கேட்சர் (பிட்சர் வீசற பந்தைப் பிடிக்கறவர்) ஜியோவானி சோட்டோவை இறக்கினாங்க. முதல் இன்னிங்ஸ்லயே அவருக்குக் கட்டைவிரல்ல அடி. வெளிய போயிட்டார். ராயல்ஸ் அன்னிக்கு ஏழு பேஸ் திருடினாங்க. 12 இன்னிங்ஸ், 9க்கு 8னு தோத்தோம்.

செஸ்பெடஸ் போனதால தோத்தோமா, சோட்டோ கட்டைவிரலால தோத்தோமா? பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் எனக்கு விடை தெரியல. ஆனா அந்த ஆகஸ்ட்ல டக்அவுட்டைப் பார்த்தவன் நான். ஆளுக்கொரு மூலைல உட்கார்ந்திருந்தாங்க. அதை எந்த எண்ணும் எனக்குப் பொய்னு நிரூபிக்க முடியாது.

இன்னொண்ணு. ஒட்டுறவுன்னா சண்டை போடாம இருக்கறதுன்னு யாரும் நினைக்காதீங்க. இதே ஏஸ்தான் 1972, 73, 74 மூணு வருஷமும் கோப்பை ஜெயிச்சது. 1974 ஜூன்ல டெட்ராய்ட் க்ளப்ஹவுஸ்ல ரெஜி ஜாக்சனும் பில்லி நார்த்தும் அடிச்சுக்கிட்டாங்க. விலக்கப் போன கேட்சர் ரே ஃபாஸுக்குக் கழுத்துல அடி, பல வாரம் ஆட முடியல. வேர்ல்ட் சீரிஸ் ஆரம்பிக்கறதுக்கு முதல் நாள் ராலி ஃபிங்கர்ஸ் இன்னொரு பிட்சரோட சண்டை போட்டுத் தலைல தையல். அந்த சீரிஸ்ல சிறந்த வீரர் அதே ஃபிங்கர்ஸ்தான். அவங்களைப் பிரிச்சது சண்டை இல்ல. காசு குடுக்காத முதலாளி.

புதுசா_பார்க்கிறேன்

சென்னையிலிருந்து இரவு கண்விழித்துப் பார்க்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். நன்றாக ஆடுகிறவரை ஏன் விற்கிறார்கள்? அதுவும் முதலிடத்தில் இருக்கும்போது?

மியாமி_வெயில்

தம்பி, அடிப்படைக் கணக்கு இது. ஒரு வீரர் மேஜர் லீக்கில் ஆறு வருட சர்வீஸ் முடிக்கும்வரை அந்த டீமின் பிடியில்தான் இருப்பார். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம். பிறகு மூன்று வருடம் நடுவர் தீர்ப்புப்படி சம்பளம் ஏறும். ஆறு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். அதனால் காசு குறைந்த டீம்கள் ஐந்தாவது வருடத்திலேயே கணக்குப் போடும். சும்மா போகவிடுவதைவிட, இப்போதே கொடுத்து இரண்டு இளைஞர்களை வாங்கிக்கொள்ளலாம் என்று. ஹேடர் அப்போது இன்னும் ஒன்றரை சீசன் டீமின் பிடியில் இருந்தார்.

விற்பனையின் உச்சம் எங்கள் ஊர்தான். ஃப்ளோரிடா மார்லின்ஸ் 1993இல் பிறந்த டீம். ஐந்தாவது வருடமே, 1997இல், க்ளீவ்லண்டை ஏழாவது ஆட்டத்தின் 11ஆவது இன்னிங்ஸில் ஜெயித்துக் கோப்பை வாங்கினோம். எட்கர் ரென்டெரியா அடித்த அந்த ஒற்றை அடி இன்னும் என் காதில் கேட்கிறது. நவம்பர் பிறந்ததும் மொய்சஸ் அலூ போனார். ராப் நென் போனார். டிசம்பரில் கெவின் ப்ரவுன். அடுத்த மே மாதம் கேரி ஷெஃபீல்டும் இன்னும் நான்கு பேரும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு. பதிலுக்கு வந்த மைக் பியாசா ஐந்தே ஆட்டம் ஆடிவிட்டு நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். 1998இல் 54 வெற்றி, 108 தோல்வி.

ஆனால் இதைக் கெமிஸ்ட்ரி கணக்கில் எழுதவேண்டாம். நல்ல ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள், தோற்றோம். அவ்வளவுதான். வீட்டையே இடித்தபிறகு சுவர் ஓவியம் கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை.

பாஸ்டன்_பனி

மேலே வந்த ரென்டெரியா எங்கள் கதையிலும் வருகிறார், கடைசியில் சொல்கிறேன்.

நோமர் கார்சியாபாரா. பாஸ்டனில் அந்தப் பெயர் எப்படி இருந்தது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். இரண்டு முறை பேட்டிங் சாம்பியன். பேட் பிடிப்பதற்கு முன் கையுறையை இழுத்து இழுத்துச் சரிசெய்வார், ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் அதையே செய்யும். 2004 ஜூலை 31 அன்று அவரை விற்றார்கள். கிடைத்தது ஆர்லாண்டோ கப்ரேரா, டக் மின்கேவிச். அதே நாளில் தனியாக இன்னொரு சின்ன டிரேடில் டேவ் ராபர்ட்ஸ். அன்று என் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அதற்குப் பின் 42 வெற்றி, 18 தோல்வி. யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்று, நான்காவதிலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் பின்தங்கி நின்றபோது, ராபர்ட்ஸ் இரண்டாம் பேஸைத் திருடினார். யாங்கீஸின் க்ளோசர் மரியானோ ரிவேரா வீசும்போது, அவர் திருடப்போகிறார் என்று ஸ்டேடியம் முழுவதற்கும் தெரிந்திருக்கும்போது. பில் மில்லர் அடித்தார், ராபர்ட்ஸ் வந்து சேர்ந்தார். 86 வருடக் காத்திருப்பு அங்கேதான் முடியத் தொடங்கியது. வேர்ல்ட் சீரிஸின் கடைசி அவுட் செயின்ட் லூயிஸுக்கு ஆடிய ரென்டெரியா. அந்தப் பந்து போய்ச் சேர்ந்தது மின்கேவிச்சின் கையுறையில். ஜூலையில் வந்த மூன்று பேர் கையும் அந்தக் கோப்பையில் இருக்கிறது.

ஆனாலும் எண்ணாளன் சொல்வதுபோல் ஒட்டுறவு என்று ஒன்றே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நோமர் அந்த வருடம் காலில் அடிபட்டு, மனக்குறையோடு இருந்தார். ஒப்பந்தப் பேச்சு கசந்திருந்தது. அந்தக் கசப்பு வெளியே போனதும் மிச்சமிருந்தவர்கள் லேசானார்கள். மாற்றம் ஒட்டுறவைக் கெடுக்கும் என்பது மட்டும்தானா? சில சமயம் மாற்றம்தான் அதைச் சரிசெய்யும்.

கேட்சர்_அம்மா

நான் டெக்சஸில் ஃப்ரிஸ்கோ பக்கம். மேஜர் லீக் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் என் பையனுக்குப் பதினான்கு வயது, ஐந்து வருடமாகக் கேட்சர். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் அவன் ஆடிய டிராவல் டீம் (ஊர் ஊராகப் போய் ஆடும் பையன்கள் டீம்) நான்கு டோர்னமென்ட் ஜெயித்தது. குளிர்காலத்தில் கோச் இரண்டு பிட்சர்களை விட்டுவிட்டுப் புதிதாக இரண்டு பேரைக் கொண்டுவந்தார். புதியவர்கள் வேகம் அதிகம். ரேடாரில் பார்த்தால் யாரும் அந்த முடிவைத் தப்பு என்று சொல்லமாட்டார்கள். இந்த வருடம் இதுவரை ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்.

என் பையனிடம் கேட்டேன், என்னடா ஆச்சு என்று. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, பழைய ரெண்டு பேர்ல ஒருத்தன் தொடர்ந்து ரெண்டு பந்தைத் தப்பா வெளிய போட்டா நான் எழுந்து அவன் நிக்கற மேட்டுக்குப் போகணும். போய் எதுவும் சொல்ல வேண்டாம், கிட்ட நின்னா போதும். இன்னொருத்தன்கிட்ட போனா அவனுக்குக் கோபம் வரும், பந்தைச் சீக்கிரம் திருப்பி எறியணும். அவன் தோள் கொஞ்சம் கீழ இறங்கினா கர்வ் பால் (வளைஞ்சு இறங்கற பந்து) தரைல குத்தும்னு எனக்குத் தெரியும், நான் முன்னாடியே முட்டி போட்டுடுவேன். புதுப் பசங்ககிட்ட எனக்கு எதுவுமே தெரியாது. பந்து தரைல குத்தி என்னைத் தாண்டிப் போகுது. எல்லாரும் என்னைத்தான் பார்க்கறாங்க."

அவன் அழவில்லை. ஆனால் கையுறைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே இதைச் சொன்னான், தலை நிமிரவில்லை.

எனக்குத் தெரிந்து நீங்கள் எல்லோரும் ஒட்டுறவு என்றால் பாசம், சிரிப்பு, கட்டிப்பிடிப்பது என்று பேசுகிறீர்கள். என் பையன் சொன்னது வேறு. அது ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குத் தெரிந்த நூறு சின்ன விஷயம். ஆள் போனால் அந்த நூறும் கூடவே போய்விடுகிறது. வேகத்தை அளக்க மெஷின் இருக்கிறது. இதற்கு இல்லை.

எண்ணாளன்

அம்மா, இந்த இழையில் நான் படித்த மிக நல்ல பதிவு உங்களுடையது. நான் என் பக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

பாசம் ஆட்டத்தை ஜெயிக்கும் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. சிகாகோ கப்ஸின் ஜோ டிங்கரும் ஜானி எவர்ஸும் வருடக்கணக்கில் ஒருவரோடொருவர் பேசாமலே டபுள் பிளே (ஒரே பந்தில் இருவரை அவுட் ஆக்குவது) ஆடினார்கள். 1907, 1908 இரண்டு வருடமும் கோப்பை. ஆனால் இவர் பந்தை எங்கே தருவார், அவர் எந்தக் காலை ஊன்றித் திரும்புவார் என்பது இருவருக்கும் தெரியும். பேசாமல் இருந்தும் அது இருந்தது. உங்கள் பையன் சொன்ன அந்த அறிவு நிஜம், அது ஆளோடு போகும் என்பதும் நிஜம்.

ஹேடர் விஷயத்தில் நான் கவனிக்காமல் விட்டதும் இதனால்தான் பிடிபடுகிறது. புல்பென், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றி இறக்கும் பிட்சர்கள் கூட்டம், ஒரு படிக்கட்டு. ஹேடர் ஒன்பதாவது இன்னிங்ஸ், டெவின் வில்லியம்ஸ் எட்டாவது, மற்றவர்கள் அதற்குக் கீழே. மேல் படியில் இருப்பவரை எடுத்தால் எல்லோரும் ஒரு படி ஏறவேண்டும். எந்த இன்னிங்ஸில் எப்போது எழுந்து கையைச் சூடாக்குவது என்ற வழக்கமே ஒவ்வொருவருக்கும் மாறுகிறது. ஒரு டிரேடு, ஆறு பேருக்குப் புது வேலை.

சியாட்டில்_மழை

எங்கள் கதை ஹேடர் கதையின் அக்கா. 2021 ஜூலை 26 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸிடம் ஏழு ரன் பின்தங்கி, டிலன் மூர் கிராண்ட் ஸ்லாம் அடித்து 11க்கு 8 என்று ஜெயித்தோம். இருபது வருடமாகப் பிளேஆஃப் பார்க்காத ஊர். அன்றிரவு யாரும் தூங்கவில்லை. மறுநாள் மதியம் க்ளோசர் கெண்டல் கிரேவ்மனை விற்றார்கள். யாரிடம்? எதிர் டக்அவுட்டில் உட்கார்ந்திருந்த அதே ஆஸ்ட்ரோஸிடம். அவர் தன் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேடியத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நடந்துபோனால் போதும்.

வீரர்கள் பத்திரிகையாளர்களிடம் மறைக்கவே இல்லை. கொதித்துப் போயிருந்தார்கள். பதிலுக்கு வந்த ஏப்ரஹாம் டோரோ முதல் நாளே எந்த முகத்தோடு அந்த அறைக்குள் நுழைந்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 31. அதே ஆஸ்ட்ரோஸ், எட்டாவது இன்னிங்ஸ், மேட்டில் கிரேவ்மன், பேட்டோடு டோரோ. மூன்று பேஸும் நிரம்பியிருந்தது. டோரோ கிராண்ட் ஸ்லாம் அடித்தார், 4க்கு 0 என்று ஜெயித்தோம். அன்று டக்அவுட்டில் அவரைக் கட்டிப்பிடித்தவர்களைப் பார்த்தேன். ஜூலையில் அழுதவர்கள்தான்.

90 வெற்றி, இரண்டு ஆட்டத்தில் பிளேஆஃப் போச்சு. கிரேவ்மன் இருந்திருந்தால் என்று இன்னும் நினைப்பேன். ஆனால் அந்த அறை உடையவில்லை. காயம் பட்டது, ஆறியது.

பீச்மரத்தடி

அட்லாண்டா இல்லாமல் இந்த விவாதம் முடியாது. 2021 ஜூலை 10, ரொனால்ட் அகூன்யாவின் முழங்கால் கிழிந்தது. ஆல் ஸ்டார் இடைவேளையில் (நடு சீசன் ஓய்வு நாட்கள்) 44 வெற்றி, 45 தோல்வி. எந்த நிர்வாகமாக இருந்தாலும் கடையை மூடியிருக்கும். எங்கள் நிர்வாகி அலெக்ஸ் ஆந்தோபௌலஸ் மூன்றே வாரத்தில் ஒரு முழு அவுட்ஃபீல்டை (பேஸ்களுக்குப் பின்னால் தூரத்தில் நிற்பவர்கள்) வாங்கினார். சிகாகோவிலிருந்து ஜாக் பீடர்சன், க்ளீவ்லண்டிலிருந்து எடி ரொசாரியோ, மியாமியிலிருந்து ஆடம் டுவால், கான்சாஸ் சிட்டியிலிருந்து ஹோர்ஹே சோலேர். பீடர்சன் கழுத்தில் முத்துமாலையோடு வந்தார், அக்டோபரில் ஸ்டேடியம் முழுக்க முத்துமாலை. ரொசாரியோ லீக் இறுதியில் சிறந்த வீரர், சோலேர் வேர்ல்ட் சீரிஸில் சிறந்த வீரர். மார்ச் மாதம் இவர்களில் ஒருவர்கூட எங்களிடம் இல்லை.

அடுத்த மார்ச்சில் ஃபிரெடி ஃப்ரீமன் போனார். பன்னிரண்டு வருடம் எங்கள் முதல் பேஸில் நின்றவர். பதிலுக்கு மாட் ஓல்சன். அந்த ஜூனில் ஃப்ரீமன் டாட்ஜர்ஸ் சட்டையில் அட்லாண்டாவுக்கு வந்து கோப்பை மோதிரத்தை வாங்கியபோது குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் என் மனைவியும் ஸ்டாண்டில் நின்று அழுதோம். அந்த வருடம் அட்லாண்டா 101 வெற்றி. அடுத்த வருடம் 104.

டீம் தாங்கியது. எங்களுக்குத்தான் தாங்கவில்லை. ரசிகனின் வலியை டீமின் வலி என்று நினைத்துவிடுகிறோமோ என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

ஏரிக்கரையான்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கேள்வியை நான்தான் தப்பாகக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் டீமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 முடிந்ததும் மேனேஜர் கிரெய்க் கவுன்சல் போட்டி டீமான கப்ஸுக்குப் போனார். எங்கள் ஊர்ப் பிள்ளை. அடுத்த பிப்ரவரியில் கார்பின் பர்ன்ஸை பால்டிமோருக்குக் கொடுத்தார்கள். பாட் மர்ஃபி மேனேஜர் ஆனார், 2024இல் 93 வெற்றி. அந்த டிசம்பரில் டெவின் வில்லியம்ஸ் யாங்கீஸுக்கு, அடாமெஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கு. 2025இல் 97 வெற்றி. மொத்த லீக்கிலும் எங்களைவிட அதிகம் ஜெயித்தவர்கள் இல்லை. ஆகஸ்டில் தொடர்ந்து 14 ஆட்டம் ஜெயித்தோம். வில்லியம்ஸுக்குப் பதிலாக வந்த கேலப் டர்பின் மூன்றாம் பேஸில் நின்றார். யாரும் எதிர்பார்க்காத பையன். ஹேடரைக் கொடுத்து வாங்கிய எஸ்டூரி ரூயிஸை வைத்துத்தான் பிறகு மூன்று டீம் டிரேடில் கேட்சர் வில்லியம் கான்ட்ரேராஸ் எங்களுக்குக் கிடைத்தார் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

2022இல் ஒருவர் போனார், உடைந்தோம். பிறகு வரிசையாக நான்கு தூண் போனது, நின்றோம். ஏன்? எனக்குத் தோன்றுவது, பர்ன்ஸும் வில்லியம்ஸும் போனது குளிர்காலத்தில். மார்ச் முழுக்க அரிசோனாவில் பயிற்சி. கேட்சர் அம்மாவின் பையன் சொன்ன அந்த நூறு சின்ன விஷயத்தைப் பழகிக்கொள்ள ஆறு வாரம் கிடைத்தது. ஹேடர் போனபோது ஆறு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

எண்ணாளன்

அப்படியானால் அட்லாண்டாவின் நால்வரும், பாஸ்டனின் மூவரும்? எல்லோரும் ஜூலையில் வந்தவர்கள்தானே.

ஏரிக்கரையான்

அதையும் யோசித்தேன். அவர்கள் வாங்கினார்கள், நாங்கள் விற்றோம். அட்லாண்டாவில் பாதி ஆட்டம்கூட ஜெயிக்காமல் நின்றவர்களுக்கு மேலே இருந்து ஆள் அனுப்பினார்கள். உங்களை நம்புகிறோம் என்று அதற்குப் பொருள். மில்வாக்கியில் முதலிடத்தில் நின்றவர்களிடம் இருந்து ஆளை எடுத்தார்கள். அந்த அறையில் இருந்த இருபத்தைந்து பேருக்கும் அது என்ன சொல்லியிருக்கும்? நோமர் விஷயத்தில்கூட, ஒருவர் போன அதே நாளில் மூன்று பேர் வந்தார்கள், மூவரும் அன்றிரவே ஆடத் தயாரானவர்கள்.

கொலிசியம்_டிரம்

இதுல எனக்கு உடன்பாடு இல்ல. 2014ல நாங்களும் வாங்கினவங்கதான். லெஸ்டர் மாதிரி பிட்சர் வந்தார், ஜெஃப் சமார்ஜா வந்தார். உங்களை நம்பறோம்னுதான் அதுக்கும் அர்த்தம். அப்படியும் விழுந்தோம். உங்க விதிக்குள்ள என் டீம் அடங்கல, ஏரிக்கரையான்.

ஏரிக்கரையான்

ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் பதில் இல்லை.

பாஸ்டன்_பனி

மாற்றாமல் விட்டால் மட்டும் தங்குமா என்ன? 2013இல் நாங்கள் தாடி வளர்த்த டீம். முந்தைய வருடம் 69 வெற்றியோடு கடைசி. பெரிய சம்பளக்காரர்களை டாட்ஜர்ஸுக்கு அனுப்பிவிட்டு ஜானி கோம்ஸ், மைக் நபோலி, ஷேன் விக்டோரினோ, டேவிட் ராஸ், கோஜி உயேஹாரா என்று புதியவர்களாகச் சேர்த்தார்கள். 97 வெற்றி, கோப்பை. அடுத்த வருடம் எல்ஸ்பரியும் கேட்சரும் போனார்கள், மற்றபடி பெரும்பாலும் அதே ஆட்கள், அதே தாடி. 71 வெற்றி, மறுபடி கடைசி. டெக்சஸ் ரேஞ்சர்ஸும் அப்படித்தான். 2023 கோப்பை, அடுத்த வருடம் ஏறக்குறைய அதே டீம், 78 வெற்றி, 84 தோல்வி.

வளைகுடா_காற்று

கேட்சர் அம்மாவுக்காக இதை எழுதுகிறேன். நான் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பக்கம். 2012 ஜூலை 31 அன்று ஹண்டர் பென்ஸ் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்தார். சில நாள் முன்னால் மார்க்கோ ஸ்கூட்டரோ கொலராடோவிலிருந்து. அக்டோபரில் சின்சினாட்டியிடம் முதல் இரண்டு ஆட்டமும் சொந்த ஊரில் தோற்றோம். இன்னொன்று தோற்றால் சீசன் முடிந்தது. மூன்றாவது ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் வட்டமாகக் கூப்பிட்டுப் பேசியவர் எங்கள் நட்சத்திர கேட்சர் பஸ்டர் போஸி இல்லை, வந்து பத்து வாரமே ஆன பென்ஸ். உங்களோடு இன்னும் ஒரு நாள் ஆடவேண்டும், வீட்டுக்குப் போகவேண்டாம் என்று கண்ணை உருட்டிக்கொண்டு கத்தினார். அன்று மொத்தமே மூன்று ஹிட். பத்தாவது இன்னிங்ஸில் 2க்கு 1 என்று ஜெயித்தோம். பிறகு தோற்றால் முடிந்தது என்ற விளிம்பில் நின்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஜெயித்துக் கோப்பை வரை போனோம். ஸ்கூட்டரோ லீக் இறுதியின் சிறந்த வீரர்.

ஒட்டுறவைப் புதிதாக வந்தவரும் கொண்டுவரலாம் அக்கா. ஆனால் அவரைப் பேசவிட பழையவர்கள் வட்டம் கட்டி நிற்கவேண்டும். உங்கள் பையன் புதிய பிட்சர்களோடு ஆட்டம் இல்லாத நாளில் பந்து பிடித்திருக்கிறானா? கோச் இல்லாமல், ரேடார் இல்லாமல்?

கேட்சர்_அம்மா

பிடித்ததில்லை என்றான். போன சனிக்கிழமை அந்த இருவரில் ஒருவனை வீட்டுக்குக் கூப்பிட்டோம். வெனிசுலாக் குடும்பம், அவன் அம்மாவும் வந்தார். பையன்கள் பின்கட்டில் இரண்டு மணி நேரம் வீசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே காபி குடித்தோம்.

இரவு சாப்பிடும்போது என் பையன் சொன்னான். "அம்மா, அவன் கர்வ் பால் போடறதுக்கு முன்னாடி தொப்பியைத் தொடறான். அவனுக்கே அது தெரியாது. நான் சொல்லிட்டேன், இல்லன்னா எதிர் டீம் பார்த்துடும். இப்போ ஒவ்வொரு பந்துக்கும் தொடறான்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் தோற்றார்கள். ஆனால் தரையில் குத்திய பந்து ஒன்றுகூட அவனைத் தாண்டிப் போகவில்லை. இன்னொரு பையனை வரும் வாரம் கூப்பிட்டிருக்கிறோம்.